காந்தமின் பிணைப்பும் செராமிக் கலவைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் படிக்கிற பிள்ளைகள் இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடத் தொடங்கியதும் காந்த ஒழுங்கும் மின் ஒழுங்கும் சேர்ந்திருக்கும் மல்டிபெரோயிக் கலவைகள் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். ஆய்வுகூடத்தில் கேட்பார்கள், பரமேஸ்வராச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்பார்கள், இரவு பதினொரு மணிக்கு வைபரில் குரற்பதிவாகவும் அனுப்புவார்கள். தமிழில் ஓரிடத்தில் இருந்தால் உதவும் என்பதால் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. முதல் சில கேள்விகள் உயர்தர மாணவருக்கும் விளங்கும். போகப்போக ஆய்வு செய்பவருக்கானவை.

1. சேர், காந்தமின் பிணைப்பு எண்டா காந்தத்தால கரண்ட் எடுக்கிறதோ? அது டைனமோ தானே?

இல்லை. டைனமோவில் கம்பிச் சுருளினூடாகப் போகும் காந்தப் பாயம் மாறிக்கொண்டிருக்க வேண்டும். மாற்றம் நின்றால் மின்னியக்கவிசையும் நின்றுவிடும். காந்தமின் பிணைப்பு ஒரு காவலிக்குள் நடக்கும் விடயம். காந்தப்புலத்தை வைத்தால் பொருளுக்குள் நேரேற்றங்களும் மறையேற்றங்களும் ஒன்றுக்கொன்று சற்று விலகி, மின்முனைவாக்கம் உண்டாகும், அல்லது ஏற்கனவே இருந்த முனைவாக்கம் மாறும். மறுபக்கமும் உண்டு: மின்புலத்தை வைத்தால் காந்தமாக்கம் மாறும்.

பளிங்கின் சமச்சீர் இடங்கொடுத்தால் இப்படி ஒன்று நடக்கலாம் என்று பியர் கியூரி 1894இலேயே எழுதினார். எந்தப் பொருளில் நடக்கும் என்று குறிப்பாகச் சொன்னவர் சோவியத் அறிஞர் ட்சியலோஷின்ஸ்கி. 1959இல் அவர் குரோமியம் ஒட்சைட்டைக் காட்டினார். அடுத்த வருடமே அஸ்ட்ரோவ் அதை அளந்தார்.

2. அப்ப மல்டிபெரோயிக் எண்டுறது அதே சாமானுக்கு இன்னொரு பேரோ?

இரண்டும் வேறு. ஒரு பொருளுக்குள் பெரோகாந்தம், பெரோமின்தன்மை, பெரோமீள்தன்மை (தகைப்பால் திருப்பக்கூடிய சொந்த விகாரம்) ஆகியவற்றில் இரண்டாவது ஒன்றாக இருந்தால் அது மல்டிபெரோயிக். இந்தப் பெயரை 1994இல் ஹான்ஸ் ஷ்மிட் வைத்தார். பெரோமின் பொருள் என்றால், வெளிப்புலம் இல்லாதபோதும் அதற்குத் தன் சொந்த முனைவாக்கம் இருக்கும். மின்புலத்தைத் திருப்பினால் முனைவாக்கமும் திரும்பும். இன்று நடைமுறையில் எதிர்பெரோகாந்தப் பொருள்களையும் (அயல் அயன்களின் காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிப்பவை) இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

குரோமியம் ஒட்சைட்டில் காந்தமின் விளைவு உண்டு, ஆனால் அது பெரோமின் பொருள் அல்ல. மறுபுறம், ஒரு பளிங்கில் காந்த ஒழுங்கும் மின் ஒழுங்கும் இருந்தும் அவை ஒன்றையொன்று பெரிதாகச் சட்டை செய்யாமல் இருக்கலாம். ஆய்வு முன்மொழிவில் "மல்டிபெரோயிக் ஆகவே பிணைப்பு இருக்கும்" என்று எழுதுவது பிழை. பிணைப்பை அளந்துதான் காட்டவேண்டும்.

3. ஒரே பளிங்கில ரெண்டும் இருந்தா வேலை முடிஞ்சுதே. பிறகேன் ரெண்டு பொருளைக் கலக்கிறியள்?

அப்படியான பளிங்குகள் மிகக் குறைவு. ஏன் குறைவு என்று 2000இல் நிக்கொலா ஸ்பால்டின் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையை மறுபடி எழுப்பியது. பெரோமின் பொருளான பேரியம் தைத்தனேற்றில் தைத்தேனியம் அயனின் டி (d) இலத்திரன் ஓடு வெறுமையாக இருக்கிறது. அதனால் அது அருகிலுள்ள ஒட்சிசனோடு பிணைப்பை வலுப்படுத்திக்கொண்டு நடுவிலிருந்து ஒரு பக்கம் விலகி நிற்கிறது. முனைவாக்கம் அங்கிருந்து வருகிறது. காந்தத்துக்கோ டி ஓட்டில் சோடி சேராத இலத்திரன்கள் வேண்டும். ஒரே அயனிடம் வெறுமையான ஓட்டையும் பகுதி நிரம்பிய ஓட்டையும் எதிர்பார்க்க முடியாது.

பிசுமது பெரைற்று இதற்கு ஒரு வழி கண்டது: மின் பக்கத்தைப் பிசுமதின் தனிச்சோடி இலத்திரன்கள் பார்த்துக்கொள்கின்றன, காந்தப் பக்கத்தை இரும்பு பார்த்துக்கொள்கிறது. இரண்டு ஒழுங்கும் அறைவெப்பநிலையில் உறுதியாக நிற்கின்றன (காந்த ஒழுங்கு ஏறத்தாழ 370 பாகை செல்சியஸ் வரை, மின் ஒழுங்கு 830 வரை). ஆனால் அதன் காந்தத் திருப்பங்கள் (ஒவ்வோர் இரும்பு அயனின் சிறு காந்தமும்) 62 நனோமீற்றர் நீளச் சுழலாக ஓடுவதால், பருமனான துண்டில் நேர்கோட்டு விளைவு (புலத்துக்கு நேர்விகிதமான பிணைப்பு) ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. தேர்பியம் மங்கனேற்றில் 2003இல் கண்ட பிணைப்பு பலமானது. அதற்கு 28 கெல்வினுக்குக் கீழே போகவேண்டும். குரோமியம் ஒட்சைட்டின் காந்த ஒழுங்கு 307 கெல்வினில், அதாவது 34 பாகை செல்சியஸில், குலைந்துவிடும். சித்திரை மாத உச்சிவெயிலில் யாழ்ப்பாணம் அந்த வெப்பநிலையைத் தொடும் நாள்கள் உண்டு. குளிரூட்டி இல்லாத அறையில் மத்தியானம் அளந்தால் விளைவையே காணமாட்டீர்கள்.

4. ரெண்டு பொருளிலயும் இல்லாத குணம் கலந்தவுடன எங்கால வருது? மந்திரமோ?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் விடயத்தின் நடுவில் கைவைத்துவிட்டார். கலவையின் அடர்த்தி இரண்டு கூறுகளின் அடர்த்தியிலிருந்து கூட்டிப் பெறப்படுவது. காந்தமின் குணகம் அப்படி வராது. ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீடாகி, இரண்டும் பெருக்கப்பட்டு வருவது. இதைப் பெருக்கக் குணம் என்று 1972இல் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் வான் சுக்டெலன் விளக்கினார்.

பெரைற்றும் (இரும்பு ஒட்சைட்டுச் சேர்ந்த காந்தச் செராமிக்) பேரியம் தைத்தனேற்றும் கலந்த கலவையை எடுங்கள். சங்கிலி இதுதான். காந்தப்புலம் வைத்தால் பெரைற்றுத் துகள் நீளத்தில் மாறும். இரும்பில் இதை 1842இல் ஜூல் கண்டார், காந்தவிகாரம் என்கிறோம். துகள் சுருங்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் பேரியம் தைத்தனேற்றும் இழுபடும். இழுபட்டால் தகைப்பு, தகைப்பு வந்தால் பீசோமின் பொருளின் இரு முகங்களிலும் ஏற்றம் தோன்றும். பீசோமின் விளைவு கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டது. ஆக, காந்தம் விகாரமாகி, விகாரம் மின்னாகிறது.

அளவு எவ்வளவு சின்னது என்பதையும் பாருங்கள். பல்பளிங்குக் கோபாற்றுப் பெரைற்றின் காந்தவிகாரம் மில்லியனில் 100 முதல் 200 பங்கு வரை. 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டு, நிரம்பல் வரை காந்தப்புலம் கொடுத்தாலும், 1 அல்லது 2 மைக்குரோமீற்றர்தான் சுருங்கும். அந்த அசைவு முழுவதும் இரண்டு மணிகளுக்கு இடையிலுள்ள எல்லையைக் கடந்தாக வேண்டும். எல்லையில் நுண்துளையோ வெடிப்போ வேண்டாத மூன்றாவது சேர்வையோ இருந்தால் சங்கிலி அங்கேயே அறும். இந்தத் துறையில் பாதிக்கு மேற்பட்ட உழைப்பு அந்த எல்லைக்காகத்தான் என்பது என் எண்ணம்.

5. என்னென்ன பொருள் பாவிக்கினம்? கோபாற்றுத்தான் ஆகச் சுருங்கும் எண்டா அதையே எடுக்கலாம் தானே?

மின் பக்கத்துக்குப் பேரியம் தைத்தனேற்று, அல்லது பி.செட்.ரி. எனப்படும் ஈய சேர்க்கோனேற்றுத் தைத்தனேற்று. காந்தப் பக்கத்துக்குக் கோபாற்றுப் பெரைற்று, நிக்கல் பெரைற்று. உலோகத்தில் தேர்பெனோல்-டி, மெற்கிளாஸ் நாடா.

மொத்தச் சுருக்கத்தைப் பார்த்துப் பொருள் தெரிவது சரிவராது. நாம் அளப்பது ஒரு சிறிய ஆடற்புலத்துக்கு (திசை மாறிமாறி வரும் காந்தப்புலம்) கிடைக்கும் பதில். அதற்கு வேண்டியது காந்தவிகாரம்–காந்தப்புலம் வரைபின் சாய்வு. கோபாற்றுப் பெரைற்று காந்தரீதியில் கடினமானது; நிறையச் சுருங்கும், ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஏர்ஸ்ரெட் (காந்தப்புலத்தின் அலகு) வேண்டும். நிக்கல் பெரைற்று மில்லியனில் ஏறத்தாழ 26 பங்குதான் சுருங்கும். ஆனால் மென்மையானது, சிறு புலத்துக்கே அசையும், மின் கசிவும் குறைவு. மெற்கிளாஸின் கதையும் இதுதான். தேர்பெனோல்-டி மில்லியனில் ஆயிரத்துக்கு மேல் மாறும், மெற்கிளாஸ் ஏறத்தாழ 27 மட்டுமே. ஆயினும் சில ஏர்ஸ்ரெட்டிலேயே மெற்கிளாஸ் அந்த மாற்றத்தைக் காட்டிவிடுவதால் உணரிகளில் அதுவே முன்னிற்கிறது. பெரிய மின்காந்தம் இல்லாத ஆய்வுகூடத்துக்கு நான் நிக்கல் பெரைற்றையே சொல்லுவேன்.

6. கட்டுரையளில 0–3, 2–2, 1–3 எண்டு போடுகினம். அது என்ன கணக்கு?

ஒவ்வொரு கூறும் எத்தனை திசைகளில் அறுபடாமல் தொடர்கிறது என்பதன் குறியீடு. 1978இல் நியூன்ஹாமும் கூட்டாளிகளும் இதைக் கொண்டுவந்தனர். 0–3 என்றால் புக்கைக்குள் கிடக்கும் முந்திரிகை வத்தல்: பெரைற்றுத் துகள் எந்தத் திசையிலும் தொடரவில்லை, சுற்றியுள்ள பெரோமின் பொருள் மூன்று திசையிலும் தொடர்கிறது. 2–2 என்றால் தட்டின் மேல் தட்டு. 1–3 என்றால் ஒன்றுக்குள் மற்றது கோல்களாக நிற்பது.

7. அடுக்குக் கலவைதான் நல்ல பெறுமானம் தருதெண்டா நாங்கள் ஏன் பொடியை இடிச்சுக்கொண்டிருக்கிறம்?

எண்ணை மட்டும் பார்த்தால் அடுக்குத்தான். பொடியாகக் கலந்து சுட்ட பேரியம் தைத்தனேற்று–கோபாற்றுப் பெரைற்றுக் கலவையில் பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றருக்கு ஓர் ஏர்ஸ்ரெட்டுக்கு சில மில்லிவோல்ற்றுத்தான் வரும். அதே சோடியை உருக்கி ஒருதிசையில் உறையவைத்து 1974இல் பிலிப்ஸ் குழு 130 மில்லிவோல்ற்று வரை எடுத்தது. தேர்பெனோல்-டியையும் பி.செட்.ரி.யையும் தட்டாக ஒட்டி 2001இல் ஏறத்தாழ 4.7 வோல்ற்றுக் கண்டார்கள். மெற்கிளாஸ் நாடாவும் பி.செட்.ரி. நாரும் சேர்ந்தவை 20 வோல்ற்றைத் தாண்டின.

ஆனால் ஒட்டிய அடுக்கில் நீங்கள் படிப்பது பெரும்பாலும் பசையை. இரு கூறுகளும் ஒரே சூட்டில் ஒன்றாக வெந்து, அயன்கள் எல்லை கடந்து போவதும், மணிகள் வளர்வதும், தகைப்புப் பரவுவதும் பொடிக் கலவையில்தான் தெரியும். தேவையான சாமானும் கைக்கெட்டியது: தராசு, உரல் அல்லது பந்துமில், டை, அழுத்தி, 1,250 பாகை வரை போகும் சூளை. இங்கே இருந்துகொண்டு நேர்மையான, பிரயோசனமான வேலை செய்ய இதுவே பொருத்தமான வழி என்று நான் நம்புகிறேன்.

8. பெரைற்றைக் கூடப் போட்டா விளைவும் கூடும் தானே? அரைவாசி அரைவாசி கலந்தா என்ன?

ஓரளவு வரைதான் கூடும். பெரைற்றின் மின்தடை பேரியம் தைத்தனேற்றைவிட மிகக் குறைவு. இரண்டு, மூன்று வலுவளவுள்ள இரும்பு அயன்களுக்கிடையே இலத்திரன் தாவுவதால் அது கசியும். துகள்கள் தனித்தனியாகக் கிடக்கும்வரை பரவாயில்லை. அளவு கூடக்கூட அவை ஒன்றையொன்று தொட்டு, ஒரு முகத்திலிருந்து மறு முகம்வரை கடத்தும் பாதை அமைந்துவிடும். பிறகு பீசோமின் ஏற்றம் பிறந்தவுடனே அந்தப் பாதையால் ஓடிப்போகும். போலிங் (உயர் மின்புலத்தால் மணிகளின் முனைவாக்கத்தை ஒரே திசைக்குத் திருப்புவது) செய்யவும் முடியாது.

பாதை எந்த அளவில் அமையும் என்பது துகளின் அளவையும் பரம்பலையும் பொறுத்தது. பொதுவாகக் கனவளவில் 30 சதவீதத்தைத் தாண்டும்போது விழிப்பாக இருங்கள். கலக்கும்போது நிறைச் சதவீதமா கனவளவுச் சதவீதமா என்று கொப்பியில் தெளிவாக எழுதுங்கள். இது எழுதப்படாத கட்டுரைகளை ஒப்பிடவே முடிவதில்லை.

9. எத்தினை பாகையில சுடவேணும்? சூடு கூடினா இறுகும் தானே, இன்னும் கூட்டினா என்ன?

பேரியம் தைத்தனேற்று–பெரைற்றுக் கலவைக்கு வழமையாக 1,150 முதல் 1,250 பாகை செல்சியஸ் வரை, சில மணித்தியாலம். அதற்கு முன் இரண்டு கூறுகளையும் தனித்தனியே தயாரித்து, எக்ஸ் கதிரால் சரிபார்த்துவிட்டுத்தான் கலக்கவேண்டும். பி.வி.ஏ. பசை சேர்த்து வட்டத் தட்டாக அழுத்திய பெல்லற்றை 500–600 பாகை வரை மெதுவாக ஏற்றுங்கள். அவசரப்பட்டால் பசை வாயுவாகி வெளியேறும்போது பெல்லற்றைப் பிளந்துவிடும்.

சூடு குறைந்தால் நுண்துளை மிஞ்சும், விகாரம் கடக்காது. கூடினால் இரும்பு அயன்கள் பேரியம் தைத்தனேற்றுக்குள் ஊர்ந்து தைத்தேனியத்தின் இடத்தில் குந்திக்கொள்ளும். அதனால் முனைவாக்கம் மெலியும், கசிவும் கூடும். இரும்பு அதிகமானால் பெரோமின் தன்மை போய் அறுகோண வடிவமே வந்துவிடும். பி.செட்.ரி.யில் இன்னொரு தொல்லை: 900 பாகையைத் தாண்டினால் ஈய ஒட்சைட்டு ஆவியாகத் தொடங்கும். மூடிய அலுமினாக் கிண்ணத்துக்குள், அதே சேர்வைப் பொடியால் மூடிச் சுடவேண்டும். இதைக் காற்றோட்டமில்லாத அறையில் செய்யவே கூடாது.

10. சூளை நடுவில கரண்ட் போட்டுது. அந்த பெல்லற்றை எறியிறதோ?

2022இன் மின்வெட்டுக் காலத்தில் இந்தக் கேள்வி கிழமைக்கொரு தடவை வரும். எந்தக் கட்டத்தில் போனது என்பதைப் பொறுத்தது. பசை எரியும் கட்டமென்றால் ஆறவிட்டு மறுபடி தொடங்கலாம். உச்சச் சூட்டில் நிற்கும்போது போயிருந்தால் அது அரைகுறையாக இறுகியிருக்கும். மறுபடி சுடலாம், ஆனால் மணியின் அளவு மற்றவற்றோடு பொருந்தாது. ஆறும் கட்டத்தில் வேகமாகக் குளிர்ந்ததுதான் மோசம். இரண்டு கூறுகளும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பேரியம் தைத்தனேற்று 120 பாகையில் தன் பளிங்கு வடிவத்தையே மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எல்லையில் விழும்.

எறியவேண்டாம். ஆக்கிமிடிஸ் முறையில் அடர்த்தி அளந்து, குறியிட்டு, தனியே வையுங்கள். உங்கள் ஒப்பீட்டுத் தொடரில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

11. எக்ஸ் கதிர்ப் படத்தில ரெண்டு பொருளின்ர சிகரமும் வடிவா வந்திருக்கு. அப்ப கலவை சரி எண்டு எழுதலாமோ?

"மூன்றாவது சேர்வை கண்டறியும் எல்லைக்குள் தெரியவில்லை" என்று எழுதலாம். சாதாரணக் கருவிக்கு ஒன்றிரண்டு சதவீதத்துக்குக் குறைந்த சேர்வை தெரியாது. எல்லையில் படிந்த மெல்லிய படை அதற்குள் அடங்கிவிடும்.

பார்க்கவேண்டிய இன்னோரிடம் 45 பாகைக் கோணத்துக்கு அருகே. செப்புக் குழாயின் கதிரில் பேரியம் தைத்தனேற்றின் சிகரம் அங்கே இரண்டாகப் பிளந்திருந்தால் நாற்கோண வடிவம் இருக்கிறது என்று பொருள். கலப்பதற்கு முன் தெளிவாகப் பிளந்திருந்தது, சுட்டபின் ஒன்றாக மழுங்கிவிட்டதென்றால் 9ஆம் கேள்வியில் சொன்ன இரும்பு ஊர்வை முதலில் சந்தேகியுங்கள். மணிகள் மிகச் சிறியனவாக இருந்தாலும் பிளவு மங்கும் என்பதால் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

12. போலிங் கட்டாயமோ? அந்த ஹைவோல்ற்றேச்சைத் தொடப் பயமாக்கிடக்கு.

கட்டாயம். சுட்டெடுத்த பெல்லற்றில் ஒவ்வொரு மணியின் முனைவாக்கமும் ஒவ்வொரு திசையில் கிடக்கும், மொத்தம் பூச்சியம். எவ்வளவு இழுத்தாலும் ஏற்றங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். இரு முகத்திலும் வெள்ளிப் பசை பூசி, சிலிக்கன் எண்ணெய்க்குள் வைத்து, மில்லிமீற்றருக்கு 2 அல்லது 3 கிலோவோல்ற்று கொடுப்பார்கள். பேரியம் தைத்தனேற்றுக்கு 120 பாகையைச் சற்றுத் தாண்டிச் சூடாக்கி, புலத்தை எடுக்காமலே குளிரவிடுவது நல்ல முறை. பெரைற்றுக் கூடிய கலவை அந்தப் புலத்தைத் தாங்காது. ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள். ஓட்டம் நிலையாக நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள், உள்ளே சூடேறி உடையப் போகிறது.

பயம் நல்லது. தனியே இருந்து செய்யாதீர்கள். முடிந்ததும் பெல்லற்றின் இரு முகத்தையும் கம்பியால் இணைத்து ஏற்றத்தை இறக்கியபின்தான் கையால் எடுக்கவேண்டும்.

13. அளக்கேக்க ஏன் ரெண்டு காந்தப்புலம்? ஒண்டு காணாதோ?

காந்தவிகாரம் புலத்தின் திசையைப் பார்ப்பதில்லை. வடக்கே வைத்தாலும் தெற்கே வைத்தாலும் துகள் ஒரே விதமாகச் சுருங்கும். எனவே பூச்சியத்துக்கருகே வரைபு கிண்ண வடிவில் இருக்கும், அங்கே சாய்வு இல்லை. 1 கிலோஹேர்ட்ஸ் ஆடற்புலத்தை மட்டும் கொடுத்தால் பதில் 2 கிலோஹேர்ட்ஸில் மெலிதாக வரும். ஒரு நிலையான புலத்தைச் சேர்த்தால் வரைபின் சரிவான இடத்துக்கு நகர்ந்துவிடுவோம். நிலையான புலத்தைப் படிப்படியாகக் கூட்டினால் குணகம் ஏறி, உச்சம் தொட்டு, பெரைற்று நிரம்பியதும் இறங்கும். 5ஆம் கேள்வியில் சொன்ன சாய்வின் வடிவத்தையே இந்த வரைபு காட்டுகிறது.

14. நிலையான காந்தத்தைப் பக்கத்தில வச்சு மல்ரிமீற்றரில பாத்தன். ஒண்டுமே காட்டேல்லை. பெல்லற் பழுதோ?

பெல்லற்றில் பிழையில்லை. ஏற்றம் பிறந்தது, மீற்றர் வழியே ஓடிவிட்டது. 10 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் தடிப்பும் சார்மின்னுழையம் 1,000உம் உள்ள தட்டின் கொள்ளளவம் ஏறத்தாழ 0.7 நனோபரட். வழமையான மல்ரிமீற்றரின் உள்தடை 10 மெகாஓம். இரண்டையும் பெருக்கினால் 7 மில்லிசெக்கன். காந்தத்தை வைத்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நல்ல ஏற்றமானி இருந்தாலும் பெல்லற்றே கசியும். தடைத்திறன் 1 கோடி ஓம் மீற்றர் என்றால் கசிவு நேரம் சுமார் 0.09 செக்கன். அதனால்தான் ஆடற்புலத்தால் அளந்து, லொக்-இன் அம்பிளிபயரில் (கொடுத்த மீடிறனில் வரும் சைகையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) வாசிக்கிறோம்.

15. லொக்-இன்னில நூறு மைக்குரோவோல்ற்று வந்திட்டுது! இது உண்மையான காந்தமின் விளைவு எண்டு நம்பலாமோ?

கொஞ்சம் பொறுங்கள். 1ஆம் கேள்வியில் ஒதுக்கிவைத்த டைனமோ இந்த இடத்தில் திரும்ப வந்து நிற்கும். பெல்லற்றிலிருந்து வரும் இரண்டு வயர்களும் சேர்ந்து ஒரு தடம். அதன் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றர் என்று வையுங்கள். 1 ஏர்ஸ்ரெட், 1 கிலோஹேர்ட்ஸ் ஆடற்புலத்தில் பரடேயின் விதிப்படி அதில் தூண்டப்படும் மின்னியக்கவிசை ஏறத்தாழ 63 மைக்குரோவோல்ற்று. உங்கள் 1 மில்லிமீற்றர் பெல்லற்றின் குணகம் 1 மில்லிவோல்ற்று என்றால் அது தருவது 100 மைக்குரோவோல்ற்று. பெல்லற்றே இல்லாத வெறும் வயரும் கிட்டத்தட்ட உங்கள் "கண்டுபிடிப்பு" அளவுக்குக் காட்டும்.

பிரித்தறிய வழியுண்டு. நிலையான புலத்தின் திசையைத் திருப்புங்கள். உண்மையான விளைவென்றால் சாய்வின் குறி மாறும், லொக்-இன்னில் அவத்தை 180 பாகை புரளும். தூண்டலுக்கு நிலையான புலம் இருப்பதே தெரியாது, அது அசையாது. அடுத்து மீடிறனை மாற்றுங்கள்: தூண்டல் மீடிறனோடு நேர்விகிதமாக ஏறும், உண்மையான விளைவு பரிவிலிருந்து விலகிய மீடிறன்களில் ஏறத்தாழ மட்டமாக இருக்கும். கடைசியாக, அதே தாங்கியில், அதே வயரில், போலிங் செய்யாத பெல்லற்றையும் தனிப் பேரியம் தைத்தனேற்றுப் பெல்லற்றையும் வைத்து அளந்து, அந்த வரைபுகளையும் அறிக்கையில் போடுங்கள். வயர்களை முறுக்கி, தடத்தின் பரப்பை முடிந்தவரை சுருக்கிவிட்டுத்தான் இதெல்லாம். கோபாற்றுப் பெரைற்றில் மீந்த காந்தமாக்கம் இருப்பதால் நிலையான புலம் பூச்சியமானாலும் சிறிது விளைவு மிஞ்சும். அதைக் கண்டு பயப்படவேண்டாம்.

இந்தச் சோதனைகளைச் செய்யாமல் வெளியான பெறுமானங்கள் இருக்கின்றன. உங்களுடையது அவற்றோடு சேரக்கூடாது.

16. ஒரு கட்டுரையில நூற்றுக்கணக்கான வோல்ற்று எண்டு போட்டிருக்கு, எங்களுக்கு மில்லிவோல்ற்று. எங்க பிழை விட்டம்?

முதலில் மீடிறனைப் பாருங்கள். தட்டின் பொறிமுறைப் பரிவில் விகாரம் பல மடங்காகும். குணகமும் பத்து, நூறு மடங்கு ஏறும். 10 மில்லிமீற்றர் செராமிக் தட்டு ஆரைத்திசையில் ஏறத்தாழ 200–300 கிலோஹேர்ட்ஸில் பரிவுறும். அங்கே எடுத்ததை உங்கள் 1 கிலோஹேர்ட்ஸ் பெறுமானத்தோடு ஒப்பிட நியாயமில்லை. 7ஆம் கேள்வியில் தந்த எண்கள் பரிவிலிருந்து விலகிய மீடிறனில் எடுத்தவை.

பிறகு அலகு. ஒரு சென்ரிமீற்றருக்கு ஓர் ஏர்ஸ்ரெட்டுக்கு 1 வோல்ற்று என்பது சர்வதேச அலகில் அம்பியருக்கு ஏறத்தாழ 1.26 வோல்ற்று. குரோமியம் ஒட்சைட்டுக்கோ மீற்றருக்கு 4 பிக்கோசெக்கன் என்று எழுதியிருப்பார்கள். அது முனைவாக்கத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தது. வோல்ற்றாக மாற்ற மின்னுழைதிறனால் வகுக்கவேண்டும்.

17. இதால ஊருக்கு என்ன பிரயோசனம் எண்டு வீட்டில கேக்கினம். என்ன சொல்ல?

மிகச் சிறிய காந்தப்புலத்தை அறைவெப்பநிலையில், குறைந்த சக்தியில் உணரலாம். மூளையும் இதயமும் உண்டாக்கும் புலங்களை இன்று அளக்கும் ஸ்குவிட் கருவிகள் பெரும்பாலும் திரவ ஹீலியத்தில் இயங்குபவை. அந்தச் செலவைத் தவிர்க்கும் நம்பிக்கை அடுக்குக் கலவைகளில் இருக்கிறது. மறுதலை விளைவால், ஓட்டம் பாய்ச்சாமல் வோல்ற்றளவாலேயே காந்த நினைவகத்தில் எழுதலாம். சூடாகி வீணாகும் சக்தி குறையும். இவை பெரும்பாலும் மென்படலங்களிலும் அடுக்குகளிலும் நடக்கும் வேலை. பொடிக் கலவை படிக்கும் பிள்ளை "நினைவகம் செய்யப்போகிறேன்" என்று எழுதத் தேவையில்லை. செராமிக் தயாரிப்பும் நுண் அளவீடும் கையில் வந்தாலே பெரிய முதல்.

18. பி.செட்.ரி.யில ஈயம் கிடக்குதே. அதை விட்டிட்டுச் செய்யேலாதோ?

செய்யலாம், தொடங்குபவர்கள் அப்படித்தான் செய்யவேண்டும். பேரியம் தைத்தனேற்றில் கல்சியமும் சேர்க்கோனியமும் சேர்த்து 2009இல் ஏறத்தாழ 620 பிக்கோகூலோம்/நியூற்றன் பீசோமின் குணகம் எடுத்தார்கள்; வெறும் பேரியம் தைத்தனேற்று 190க்கு அருகே. குறை என்னவென்றால் அதன் கியூரி வெப்பநிலை (பெரோமின் தன்மை மறையும் வெப்பநிலை) 100 பாகைக்கும் கீழே.

19. புல்மோட்டை மணலில தைத்தேனியமும் சேர்க்கோனியமும் இருக்குதாம். அதை அள்ளிவந்து இதைச் செய்யேலாதோ?

மூலகம் இருப்பது உண்மை. புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, ரூற்றைல், சேர்க்கன் எல்லாம் இருக்கின்றன. ஆனால் மணலுக்கும் நமக்கு வேண்டிய ஒட்சைட்டுக்கும் இடையில் நீண்ட இரசாயனத் தொழில் இருக்கிறது. இல்மனைற்று என்றால் இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தது. இரும்பு சிறிதளவு மிஞ்சினாலும் 9ஆம் கேள்வியில் சொன்ன அதே கசிவு. இந்தக் கரைமணலோடு வரும் மொனசைற்றில் தோரியம் இருப்பதால் கவனமில்லாமல் அரைக்கவும் கூடாது. இப்போதைக்கு 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஒட்சைட்டை வாங்குவதே வழி. மணலிலிருந்து தூய தைத்தேனியம் ஈரொட்சைட்டு எடுப்பது தனி ஆய்வாக நிற்கத் தகுதியுள்ளது. அதை யாராவது எடுத்துச் செய்யவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே இரும்புத் தைத்தனேற்றை உயர் அமுக்கத்தில் வேறு பளிங்கு வடிவத்துக்கு மாற்றினால் அது மல்டிபெரோயிக் ஆகும் என்று 2008இல் கணித்து, 2009இல் பரிசோதனையில் காட்டியிருக்கிறார்கள்.

20. காந்தப்புலம் வைக்கக் கொள்ளளவம் மாறுது. லூப்பும் வந்திருக்கு. இது ரெண்டும் காணும் தானே பிணைப்பை நிறுவ?

காணாது. மேலே உள்ள கேள்விகளை எல்லாம் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிற இடம் இது. கலவையில் கடத்தும் பெரைற்றும் காவலியும் தொடுகிற எல்லைகளில் ஏற்றம் தேங்கும். அதனால் தாழ் மீடிறனில் கொள்ளளவம் உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிதாகத் தெரியும். பெரைற்றின் தடை காந்தப்புலத்தோடு சற்று மாறினாலே அந்தத் தேக்கமும் மாறி, கொள்ளளவமும் மாறியதாகக் கருவி காட்டும். விகாரப் பிணைப்புத் துளிகூட இல்லாமலே இது நடக்கலாம் என்று 2006இல் கற்றலான் தெளிவாகக் காட்டினார். மீடிறனை உயர்த்தும்போது மாற்றம் மறைந்தால், அல்லது இழப்பும் கூடவே மாறினால், தடையைச் சந்தேகியுங்கள்.

லூப்பும் (மின்புலத்தைக் கூட்டிக் குறைத்து முனைவாக்கத்தை வரையும்போது கிடைக்கும் மூடிய வளையம்) அப்படித்தான். முனைகள் உருண்டு முட்டை வடிவில் வரும் லூப் கசிவுள்ள எந்தக் கொள்ளளவியிலும் வரும். பெரோமின் பொருளின் லூப் உயர் புலத்தில் நிரம்பி, முனை கூராக முடியும். எனவே கொள்ளளவ மாற்றத்தைத் துணைத் தகவலாக மட்டும் தாருங்கள். பிணைப்பு என்று எழுதுவதற்கு 15ஆம் கேள்வியின் நேரடி அளவீடு, திருப்பிய புலத்தின் அவத்தையோடு, முன்னால் இருக்கவேண்டும்.